நோவுக் கொப்பி

நோவுக்கு எண் போடலாம் என்பதை நாற்பத்தேழு வயதில்தான் அறிந்தேன். அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் நோகிறது, நோகவில்லை என்ற இரண்டும்தான். நடுவில் எட்டு ஒன்பது படிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஏறி நின்று பார்க்கலாம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில், டண்டினொங்கில் நான் வேலை செய்த சலாட் தொழிற்சாலையில் வழுக்கி விழுந்தேன். கீரைகளைக் கழுவிப் பையில் அடைக்கும் இடம், தரை எப்போதும் ஈரமாகவே கிடக்கும். வழுக்காத சப்பாத்துத்தான் போட்டிருந்தேன். தேநீர் இடைவேளைக்கு மணியடித்ததும் ஓடினேன், அவ்வளவுதான். விழும்போது வலது கையை ஊன்ற, மணிக்கட்டு எலும்பு உடைந்தது. ஆறு கிழமை பிளாஸ்ரர். அதை வெட்டியெடுத்த அன்று எக்ஸ்ரேயைப் பார்த்த என் டொக்டர், எலும்பு அழகாகப் பொருந்திவிட்டது என்றார். நோவு மட்டும் போகவில்லை.

தேங்காய் திருவ முடியவில்லை. போத்தல் மூடி திறக்க முடியவில்லை. சட்டையின் கை விளிம்பு மணிக்கட்டில் உரசினாலே சுள்ளென்று தோள்வரை ஏறும். என் டொக்டர் கொஞ்சம் பலமான குளிசை இரண்டு கிழமைக்கு எழுதித் தந்தார். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்தக் குளிசை பிடிக்கவில்லை. போட்டால் கண் சொக்கும், சோறு இறங்காது, ரீவியில் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். ஒன்றைப் பாதியாக உடைத்து, தாங்க முடியாத நாளில் மட்டும் போட்டேன்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு டொக்டர் இருக்கிறார். அவர் வெறும் டொக்டரில்லை, அந்த வீட்டின் பெருமை. நாரிப்பிடிப்பு என்று யாராவது முனகினால் போதும், "எங்கட டொக்டரிட்ட ஒருக்கா காட்டுங்கோ" என்று நாலு பக்கமிருந்தும் வரும். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அது டொக்டரை வேண்டாமென்று சொல்வதாகாது, அந்த வீட்டையே வேண்டாமென்று சொல்வதாகிவிடும்.

முதலில் வந்தவள் மச்சாள், என் கணவரின் தங்கை.

"உந்த டொக்டரிட்ட என்னத்துக்குப் போய்க் கிடக்கிறீங்கள் மச்சாள்? எங்கட டொக்டர் கையைப் பிடிச்சுப் பாத்தாலே பாதி நோவு போயிடும். வியாழக்கிழமைக்கு புக் பண்ணிப்போட்டன்."

கேட்டுவிட்டுப் பதிவு செய்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. போனேன். அந்த டொக்டர் கையைப் பிடித்துப் பார்த்தார், நோவு ஒரு பாதியும் போகவில்லை, குளிசை எழுதித் தந்தார். அடுத்த கிழமை பக்கத்து வீட்டு அன்ரி வந்தார்.

"பிள்ளை, நீர் ஒண்டும் செய்யவேண்டாம். நான் கார் எடுத்துக்கொண்டு வாறன். ஏறி இருந்தால் காணும்."

ஏறி இருந்தேன். அன்ரியின் டொக்டரும் அதே குளிசையை எழுதித் தந்தார்.

மற்ற டொக்டர்மாரைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஒரு வீட்டில் இருந்து சாப்பிடும்போது மற்ற வீட்டுக் கறியைப் பற்றிப் பேசுகிற வழக்கம் எனக்கில்லை. மருந்துச் சீட்டுகளைக் கிழித்தெறியவும் மனம் வரவில்லை. மச்சாள் தொலைபேசியில், "மருந்து எடுத்தீங்களோ?" என்று கட்டாயம் கேட்பாள், அவளிடம் பொய் சொல்ல எனக்கு வராது. ஆகவே எழுதித் தந்ததையெல்லாம் வாங்கினேன். எல்லாவற்றையும் டண்டினொங் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே பாமசியில் வாங்கினேன். என் டொக்டர் இரண்டாம் முறை எழுதித் தந்ததும் சேர, மூன்று பெட்டி. அவற்றைத் திறக்காமலே குசினி அலுமாரியின் மேல்தட்டில் இருந்த வெறும் பால்மா ரின்னுக்குள் போட்டு மூடிவைத்தேன்.

வசந்தம் தொடங்கியபோது என் டொக்டரிடம் மறுபடி போனேன். குளிசை கேட்டுப் போகவில்லை, நோவு குறையவில்லை என்று சொல்லப் போனேன். அவர் தமிழரில்லை. எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை, அவரும் என்னைக் கேட்டதில்லை, அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போனது. அன்றைக்கு மனிதரின் முகம் சரியில்லை. பாமசியிலிருந்து தொலைபேசி வந்ததாம். ஐந்து கிழமைக்குள் மூன்று டொக்டர்மாரிடம் ஒரே குளிசை வாங்கியிருக்கிறீர்கள் என்றார்.

"இனி நான் எழுதித் தரமாட்டேன். மற்ற இருவருக்கும் அறிவித்துவிட்டேன். இது பழக்கமாகிவிடுகிற மருந்து. உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்."

கள்ளி என்று சொல்லாமல் சொன்னார். எனக்கு மூக்கு நுனியில் கோபம். களவு செய்கிறவள் மூன்று சீட்டையும் ஒரே பாமசியில் கொண்டுபோய்க் கொடுப்பாளா? பெட்டிகள் திறக்காமல் வீட்டில் கிடக்கின்றன என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கோபம் வந்தால் என்னைவிட்டு முதலில் எழும்பிப் போவது என் இங்கிலீஷ்தான். அதோடு, நான் ஏன் நிரூபிக்கவேண்டும் என்ற ரோசம் வேறு. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அவர் விடவில்லை. பயிற்சி சொல்லித் தரும் ஒரு பெண்ணிடம் போகச் சொல்லிக் கடிதம் ஒன்றைக் கையில் தந்துதான் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சிவந்த தலைமயிர், முகமெல்லாம் புள்ளி. என் கையைத் தொடுவதற்கு முன் தொடலாமா என்று கேட்டாள். பிறகு ஒரு தாளில் பூச்சியத்திலிருந்து பத்துவரை கோடு கீறினாள். ஒரு கொப்பி வாங்கி மூன்று பத்தி போடச் சொன்னாள். எத்தனை மணி, பத்துக்கு எத்தனை, அந்நேரம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்.

"எழுதினால் நோவு போய்விடுமா?" என்று கேட்டேன்.

"போகாது. ஆனால் அது எப்படிப்பட்டது என்று தெரியவரும்," என்றாள்.

எனக்கு அந்தப் பதில் பிடித்துக்கொண்டது. போய்விடும் என்று சொல்லியிருந்தால் அடுத்த முறை அங்கே போயிருக்கமாட்டேன். வரும் வழியிலேயே இரண்டு டொலர் கடையில் நீல மட்டைக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

மகள் சிட்னியில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கணவர் கார் உதிரிப்பாகக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஊரில் வங்கியில் எழுதுவினைஞராக இருந்த மனிதர், அந்த நேர்த்தி இன்னும் போகவில்லை. பிஸ்கட் பைக்கற்றைக்கூடக் கிழிக்கமாட்டார், ஒட்டைப் பிரித்து எடுப்பார். பால்மாவின் வெள்ளித்தாளைப் பெருவிரலால் தடவித் தடவி, சுருக்கமெல்லாம் நீக்கி மடித்து வைப்பார். பேச்சு மட்டும் குறைவு. வேலையால் வந்ததும் கால்மணித்தியாலம் கார்பெற்றில் நீட்டி நிமிர்ந்து கிடப்பார், குளிர்ச்சியாக இருக்கிறதாம். பிறகு எழும்பி நின்றபடியே கிரிக்கெற் பார்ப்பார்.

"என்னப்பா, ரீவியில தேசிய கீதமே போகுது, எழும்பி நிக்கிறீங்கள்?" என்பேன்.

"நாள் முழுக்க இருந்திட்டுத்தானே வாறன்," என்பார்.

ரெயினிலும் அப்படித்தான். பெட்டி வெறுமையாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வள்ளல், எல்லாருக்கும் சீற்றை விட்டுக் கொடுக்கிறார் என்று மச்சாளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

கொப்பி எழுதத் தொடங்கியபோது எனக்கு முதலில் வந்த சிக்கல், எண்ணில் இல்லை. ஆறு என்று எழுதிவிடலாம், எந்த ஆறு? முதல் நாள் குத்துகிறது என்று எழுதியதைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த என் கணவர் தலையாட்டினார்.

"குத்து எண்டு எழுதாதையும். குத்து எண்டால் வந்திட்டுப் போயிடும். உமக்கு வாறது போறேல்லையே, உள்ளுக்க கிடந்து அரிக்குது. அது உளைவு."

"அப்ப காலமையில வாறது?"

"அது விறைப்பு. எழும்பிப் பத்து நிமிசம் நடந்தால் இளகிப்போடும்."

"கை நோவுக்கு ஏன் நடக்கவேணும்?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போனார். மனிதருக்கு நல்ல தமிழ் என்று நினைத்துக்கொண்டேன். எரிவு, கடுப்பு, இழுப்பு, விண் விண்ணென்று தெறிக்கிற தெறிப்பு என்று அவர் பிரித்துப் பிரித்துச் சொல்ல, நான் எழுதினேன். அந்தச் சிவந்த தலைமயிர்ப் பெண்ணுக்கு இதையெல்லாம் கைச்சாடையோடு விளக்கினேன். அவள் உளைவு என்ற சொல்லைத் தன் தாளில் இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை, "இன்றைக்கு உளைவு எப்படி?" என்று கேட்டாள். அதைக் கேட்கவே எனக்கு அரைவாசி குறைந்துபோனது. அதையும் எழுதிவைத்தேன். நான்கு.

குளிசை இல்லாத மாதங்கள் அப்படித்தான் போயின. நான் படிக்கிற காலத்தில் விஞ்ஞானத்தில் மட்டம். இப்போது வீட்டில் ஓர் ஆராய்ச்சிச்சாலையே நடத்தினேன். பழைய காலுறைக்குள் சிவத்தப் பச்சையரிசி போட்டுக் கட்டி மைக்ரோவேவில் சூடாக்கி மணிக்கட்டில் வைத்தால், ஆறு நாலுக்கு இறங்கியது. வீடெல்லாம் சோறு வேகிற மணம் வர, என் கணவர் இரண்டு முறை குசினிக்கு வந்து ஏமாந்து போனார். தொடுகைக்குக் கை பழகவேண்டும் என்று அந்தப் பெண் சொன்னபடி, பெரிய கோப்பையில் மைசூர்ப் பருப்பைக் கொட்டி அதற்குள் கையை விட்டு அளைந்தேன். முதல் கிழமை ஒவ்வொரு பருப்பும் ஊசிமாதிரி இருந்தது. மூன்றாம் கிழமை பருப்பு பருப்பாகிவிட்டது. பிறகு அதைக் கழுவிக் கறி வைத்தேன், வீணாக்குவானேன்.

இன்னும் விசித்திரமானவை இருந்தன. மழை வருவதை வானொலிக்கு ஒரு மணித்தியாலம் முந்தி என் மணிக்கட்டு சொன்னது. தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்தால், உறையைப் பிரிக்க முன்னமே ஏழு. மச்சாளோடு தொலைபேசியில் சண்டை பிடித்த அன்று பார்த்தால் வெறும் இரண்டு. நம்பமுடியாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே ஒரு கதையைக் கிளப்பிச் சண்டை பிடித்துப் பார்த்தேன். மறுபடியும் இரண்டு. கோபத்தில் கை நோகாதென்றால் கோபம் எங்கே இருக்கிறது, நோவு எங்கே இருக்கிறது என்று பஸ்சிலும் யோசித்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நல்ல கேள்வி, ஆனால் மச்சாளை மருந்தாகப் பாவிக்காதீர்கள் என்றாள்.

மச்சாளை விட்டால், கொப்பியில் எப்போதும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். பின்னேரம் ஏழு மணிக்கு என் கணவர் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிக் கொண்டுவருவார். நான் சோபாவில் இருந்துகொண்டு கையைத் தலையணையில் நீட்டுவேன். அவர் எனக்கு முன்னால் தரையோடு பதிந்த சின்ன முக்காலியில் குந்தி, குனிந்து, பெருவிரலால் மணிக்கட்டைச் சுற்றி மெல்ல மெல்லத் தேய்ப்பார். கால்மணித்தியாலம். முடிந்ததும் சோபாக் கையைப் பிடித்து எழும்பி, வயசு போகுது என்பார். வெயிலோ மழையோ, அந்த நேரத்து எண் மூன்றுதான். எண்ணெயா, கையின் சூடா, பேச்சில்லாத அந்தக் கால்மணித்தியாலமா என்று பிரித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒருநாள் எண்ணெய் இல்லாமல் தேய்க்கச் சொன்னேன். அதுவும் மூன்று. அப்படியென்றால் எண்ணெயில்லை, மனிதர்தான் என்று எழுதினேன்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெரிய கவலை இருந்தது. தொழிற்சாலையில் எனக்கு இலகுவேலை தந்திருந்தார்கள், பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுவது. அது மார்ச் மாதத்தோடு முடிகிறது. நோவு இன்னும் உண்மையாகவே இருக்கிறது என்று என் டொக்டர் கடிதம் தந்தால்தான் நீடிப்பார்கள், இல்லையென்றால் பழையபடி ஈரக் கூடைகளைத் தூக்கவேண்டும், முடியாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எலும்பு பொருந்திவிட்டதென்று எக்ஸ்ரே சொல்கிறது. என் பக்கம் பேச, என் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த மனிதரோ என்னைக் குளிசைக் கள்ளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். குளிசை தராவிட்டால் போகட்டும், இவள் பொய் சொல்கிறவளில்லை என்று அவர் நம்பவேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது.

பெப்ரவரி கடைசியில் ரோசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு முடிவுக்கு வந்தேன். நாற்காலியில் ஏறி மேல்தட்டிலிருந்து பால்மா ரின்னை எடுத்தேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தேன், மூன்று பெட்டியும் வைத்தது வைத்தபடியே இருந்தன. ரின்னைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன். பஸ்சில் போகும்போது சொல்லவேண்டிய இங்கிலீஷ் வசனங்களை மனப்பாடம் செய்தேன். இவை எல்லாம் மரியாதைக்கு வாங்கியவை. ஒன்றும் திறக்கவில்லை. நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவருடைய மேசையில் ரின்னை வைத்து, வசனங்களை ஒன்றும் விடாமல் சொன்னேன். டொக்டரின் முகம் கொஞ்சம் இளகியது. முதல் பெட்டியைத் திறந்து குளிசை அட்டைகளை வெளியே எடுத்தார். உள்ளே தெரியாத வெள்ளை அட்டைகள், பார்வைக்கு முழுமையாகத்தான் இருந்தன. அவர் விரலால் அழுத்தினார். உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாம் பெட்டியும் அப்படி. மூன்றாம் பெட்டியில் மட்டும் ஏழோ எட்டோ குளிசை மிச்சம் இருந்தது.

அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு குழியின் பின்னாலும் வெள்ளித்தாள் ஒரு ஓரத்தில் மட்டும் பிரிக்கப்பட்டு, குளிசை எடுக்கப்பட்டு, மறுபடி பெருவிரலால் தடவித் தடவி, ஒரு சுருக்கமும் இல்லாமல் மூடப்பட்டிருந்தது. இந்த உலகத்தில் அப்படி மூடக்கூடிய ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும்.

"யார் எடுத்தது?" என்று டொக்டர் கேட்டார்.

என் கணவர் என்று சொன்னால் அவருடைய பெயர் அந்தக் கணினியில் ஏறிவிடும். கள்ளிப் பட்டம் என்னோடு போகட்டும் என்று ஒரு நொடியில் தீர்மானித்தேன்.

"நான்தான்," என்றேன்.

"அப்படியென்றால் இதை ஏன் என்னிடம் கொண்டுவந்தீர்கள்?"

அட்டைகளைப் பொறுக்கி ரின்னுக்குள் போட்டு மூடினேன். அவர் என்னையும் ரின்னையும் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை வாருங்கள், கடிதத்தைப் பற்றி அப்போது பேசலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வேலையால் வந்து, வழக்கம்போல நின்றபடி கிரிக்கெற் பார்த்துக்கொண்டிருந்தார். ரின்னை ரீவிக்கு முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எப்ப தொடங்கினது?" என்று கேட்டேன்.

"கார்த்திகை மட்டில. ஒவ்வொரு நாளும் இல்லை. ஏலாத நாளில மட்டும்."

"என்ன ஏலாது? எங்க நோகுது உங்களுக்கு?"

கையைப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்குச் சற்று மேலே, நாரியில் வைத்தார். அந்தக் கை அங்கே போவதை நான் ஆயிரம் தடவை கண்டிருக்கிறேன்.

"எவ்வளவு காலம்?"

"பிடிச்சுக்கொண்டு போன நேரத்திலயிருந்து."

எங்கள் கலியாணத்துக்கு முன், கொழும்பில் ஒரு சுற்றிவளைப்பில் அவரைப் பிடித்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். நாலு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள் என்று ஒரே வசனத்தில் சொல்லியிருந்தார். நானும் மேலே கேட்கவில்லை. திரும்பி வந்த மனிதர் முழுசாக இருக்கிறார் என்பதே அப்போது போதுமாக இருந்தது. துவக்குப் பிடியால் நாரியில் இடித்ததை இப்போதுதான் சொன்னார், நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொன்னார்.

"இருவத்திரண்டு வருசமா? டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? வீசா மெடிக்கல் ஃபோமில, முந்தி அடி காயம் ஏதும் பட்டதோ எண்டு கேட்டவங்கள். இல்லை எண்டு போட்டன். ஓம் எண்டால் எப்பிடிப் பட்டது எண்டு கேப்பாங்கள். அதைச் சொன்னால் ஏன் பிடிச்சவங்கள் எண்டு கேப்பாங்கள். பிறகு வேலை ஃபோமிலயும் இல்லை எண்டு போட்டன். இப்ப போய் ஓம் எண்டால், முதல் போட்டது பொய் எண்டாகாதே?"

"நாங்கள் சிற்றிசன் எடுத்து எட்டு வருசம் அப்பா."

"அது தெரியும்," என்றார். தெரிந்தும் பயம் போகவில்லை என்பது முகத்தில் கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தில் கையில் நோவு ஒரு துளியும் இல்லை, ஆனால் அன்றைக்கு எழுதவில்லை. அவர்மேல் பாதி, என்மேல் மீதி. ஐந்து மாதமாக என் மணிக்கட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவள், ஒரே வீட்டில் நின்றுகொண்டே கிரிக்கெற் பார்க்கிற மனிதரை ஒருநாள் பார்க்கவில்லை. பத்து நிமிசம் நடந்தால் இளகும் என்று வாயாலேயே சொன்னார். நான் நல்ல தமிழ் என்று மெச்சினேன்.

செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போய் இருந்ததும் நடந்ததைச் சொன்னேன். டொக்டர் அவர் பக்கம் திரும்பி, முன்பு ஏதாவது காயம் பட்டிருக்கிறதா என்று கேட்டார்.

"இல்லை," என்றார் என் கணவர், பழக்கதோஷத்தில்.

"பொய் சொல்கிறார்," என்றேன் நான் இங்கிலீஷில்.

பிறகு என் கணவர் தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு, இருபத்திரண்டு வருசம் என்றார். அவர் சொல்லி முடிக்கும்வரை டொக்டர் தட்டச்சுப் பலகையில் கை வைக்கவேயில்லை. முடிந்தபிறகு, எதைப் பதியலாம், எதைப் பதியவேண்டாம் என்று அவரிடமே கேட்டார். பழைய படிவத்துக்காக யாரும் தேடி வரமாட்டார்கள் என்றும் சொன்னார். குளிசை அவருக்கும் எழுதித் தரவில்லை. கேட்காமல் அப்படிப் போட்டது ஆபத்து என்று கடுமையாகவே சொல்லி, ரின்னில் மிச்சம் இருந்ததைப் பாமசியில் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். முதுகைப் படமெடுக்கக் கடிதம், அந்தச் சிவந்த தலைமயிர்ப் பெண்ணுக்கு ஒரு கடிதம். கடைசியாக அச்சு இயந்திரத்திலிருந்து இன்னொரு தாளை எடுத்துக் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். இலகுவேலைக்கான கடிதம்.

"என்னை நம்புகிறீர்களா?" என்று கேட்டேன்.

"போன கிழமை நீங்கள் பொய் சொன்னதைப் பார்த்தேன். உங்களுக்கு அது வராது," என்றார்.

அந்தக் கிழமையே அந்தப் பெண்ணிடம் போய்விட்டு வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு நீலக் கொப்பி வாங்கினோம். என் கணவர் அடிமட்டம் வைத்து மூன்று பத்தி போட்டார். அந்தப் பெண் அவரிடம் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தாள். இருபத்திரண்டு வருசத்தில் அவர் உண்மையாக நிரப்பிய முதல் படிவம் அதுவாகத்தான் இருக்கும். எழுதிவிட்டு மூடிவைப்பார், காட்டமாட்டார், நானும் கேட்கவில்லை.

முதல் கிழமை முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போனபோது, பொறுக்கமுடியாமல் எடுத்துத் திறந்தேன். வங்கிக் கையெழுத்து, ஒரு வெட்டுத் திருத்தம் இல்லை. வேலையில் ஐந்து. ரெயினில் நாலு. கார்பெற்றில் கிடக்கும்போது மூன்று. அந்தக் கிழமையிலேயே பெரிய எண் எட்டு. அது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் வந்திருந்தது, பின்னேரம் ஏழு மணிக்கு. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்ற பத்தியில் ஒவ்வொரு நாளும் அதே வசனத்தைச் சலிக்காமல் முழுசாக எழுதியிருந்தார்: முக்காலியில் குந்தியிருந்து மனைவியின் கைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

என் கொப்பியை எடுத்து அதே நாட்களைப் புரட்டினேன். ஏழு மணி, எண்ணெய், மூன்று.